துணைக்கு இருக்கும் நான்கு மணி நேரம்

கேள்வி: நான் நியூஜெர்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டில் உயிரியல் படிக்கிறேன். மருத்துவம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பன்னிரண்டு வயதில் பெற்றோருடன் இங்கு வந்தேன். இன்னும் பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில்தான் இருக்கிறேன். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க மருத்துவமனை அனுபவம் வேண்டும் என்கிறார்கள். என் தோழி முந்நூறு மணி நேரம் முடித்துவிட்டாள். நான் இரண்டு மருத்துவமனைகளுக்கு எழுதினேன். ஒன்றில் காத்திருப்போர் பட்டியலில் வைத்துவிட்டார்கள். இன்னொன்றில் முன்வாசல் தகவல் மேசையில் வாரம் நான்கு மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். அங்கே உட்கார்ந்து வழி சொல்வதில் என்ன மருத்துவ அனுபவம் கிடைக்கும்? ஈரோட்டில் என் மாமா சொந்தமாக மருத்துவமனை நடத்துகிறார். கோடை விடுமுறைக்கு வந்தால் ஊசி போடவும் தையல் போடவும் கற்றுத் தருவதாகச் சொல்கிறார். அப்பாவும் அதுதான் நல்லது என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது? மொத்தம் எத்தனை மணி நேரம் இருந்தால் போதும்?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

நான் மருத்துவர் அல்ல. நியூஜெர்சியில் ஒரு மருத்துவமனையின் தன்னார்வலர் அலுவலகத்தைப் பதினான்கு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். உங்களைப் போன்ற மாணவர்களின் விண்ணப்பங்களைப் படிப்பதும், யாரை எந்தத் தளத்துக்கு அனுப்புவது என்று முடிவு செய்வதும், இரண்டு வாரம் வந்துவிட்டுக் காணாமல் போனவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவதும்தான் என் வேலை. ஆகவே மாணவர்கள் எங்களிடம் வந்து எதைப் பெற்றுக்கொண்டு போகிறார்கள், எதைத் தவறவிடுகிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். தகவல் மேசையை ஒப்புக்கொள்ளுங்கள். ஈரோட்டுக்கும் போய் வாருங்கள், ஆனால் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். மணிக்கணக்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்ததும் செவிலியர் கேட்கும் முதல் கேள்வி, "கூட யார் இருக்கீங்க?" என்பதுதான். என் தந்தையார் திருச்சி அரசு மருத்துவமனையில் பதினேழு நாட்கள் படுத்திருந்தபோது அந்தக் கேள்விக்கு விடையாக இருந்தவள் நான். அப்போது எனக்கு உங்கள் வயது. கட்டிலுக்கு அடியில் ஒரு பாய், தலைமாட்டில் வெந்நீர் ஃபிளாஸ்க், ஒரு தூக்குவாளி ரசம் சாதம். டிரிப்ஸ் தீரும் தறுவாயில் சிஸ்டரைக் கூப்பிடுவதும், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவதும், நடு இரவில் அவர் விழித்துக்கொண்டு "இது எந்த இடம்?" என்று கேட்டால் கையைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வதும் என் பொறுப்பாக இருந்தன. அவற்றில் எதுவும் மருத்துவம் இல்லை. ஆனால் அவற்றைச் செய்ய ஆள் இல்லாத பக்கத்துக் கட்டில்காரர் எப்படித் தவித்தார் என்பதை அந்தப் பதினேழு நாட்களும் பார்த்தேன்.

அமெரிக்க மருத்துவமனையில் தனி அறை உண்டு, மேலும் கீழும் அசையும் கட்டில் உண்டு, அழைப்பு மணி உண்டு. பெரும்பாலும் இல்லாமல் போவது இந்தத் துணைதான். மகன் கலிபோர்னியாவில் இருப்பார், மகள் வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வருவார், மனைவி காலமாகியிருப்பார். ஒரே நேரத்தில் நான்கைந்து நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியருக்கு ஓர் அறையில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார வழியில்லை. அந்த இடத்தில்தான் தன்னார்வலர் வந்து உட்காருகிறார். நீங்கள் கேட்கும் "மருத்துவமனை அனுபவம்" என்பதன் சாரம், என் பார்வையில், இந்தத் துணைக்கு இருத்தல்தான். நம் வீடுகளில் அதற்குப் பயிற்சியே தேவைப்பட்டதில்லை என்பதாலோ என்னவோ, நம் பிள்ளைகள் அதை ஓர் அனுபவமாகவே மதிக்க மறுக்கிறார்கள்.

இது வெறும் மன ஆறுதல் சமாச்சாரம் என்று உங்கள் தந்தையார் சொல்லக்கூடும். அவருக்கு ஓர் ஆய்வைக் காட்டுங்கள். முதியவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த சில நாட்களிலேயே திடீர் மனக்குழப்பத்துக்கு ஆளாவது உண்டு. மருத்துவர்கள் அதை டெலிரியம் என்பார்கள். இடம், நாள், ஆள் தெரியாமல் போய்விடும். இரவில் கட்டிலைவிட்டு எழுந்து விழுவார்கள். வீட்டுக்குத் திரும்ப வேண்டியவர்கள் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போகும்படி ஆகும். அப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் ஷாரன் இனோயே, இதைத் தடுப்பதற்காக 'ஹாஸ்பிட்டல் எல்டர் லைஃப் புரோகிராம்' என்ற ஒரு திட்டத்தை உருவாக்கினார். அதன் கருவிகளைக் கேட்டால் சிரிப்பீர்கள்: மூக்குக் கண்ணாடி, காது கேட்கும் கருவி, வெதுவெதுப்பான பால், தினமும் மூன்று வேளை நடை, இன்று என்ன கிழமை என்று பேச்சுவாக்கில் நினைவூட்டுவது. இவற்றில் பெரும்பகுதியைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வு 1999ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 15 சதவீதத்தினருக்கு மனக்குழப்பம் வந்தது. இந்தத் திட்டத்தில் இருந்தவர்களில் 9.9 சதவீதத்தினருக்கு மட்டுமே வந்தது. உங்கள் பகுதி மருத்துவமனைகளில் இத்திட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள். நடந்தால், அதில் சேர இடம் கிடைப்பதற்காக ஆறு மாதம் காத்திருந்தாலும் தகும்.

எங்கள் மருத்துவமனையில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எண்பது வயதைக் கடந்த ஒருவர் இரண்டு நாட்களாக யாருடைய கேள்விக்கும் சம்பந்தமான விடை சொல்லவில்லை. குழப்பத்தில் இருக்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மாலை, இரண்டாமாண்டு மாணவர் ஒருவர் அந்த அறையில் தண்ணீர்க் குவளையை மாற்றப் போனபோது, மேசை இழுப்பறையில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் காது கேட்கும் கருவிகள் இரண்டும் கிடப்பதைப் பார்த்தார். தானாக எதுவும் செய்யாமல் செவிலியரை அழைத்தார். பேட்டரி தீர்ந்திருந்தது. புதிய பேட்டரி போட்டு மாட்டியதும் அந்தப் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, அன்றைய பேஸ்பால் ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது. அந்த மாணவர் செய்தது, இழுப்பறையைப் பார்த்ததும் உரியவரிடம் சொன்னதும் மட்டும்தான்.

இனி, நீங்கள் அலுத்துக்கொண்ட அந்தத் தகவல் மேசைக்கு வருகிறேன். புதிதாக வரும் மாணவர்களை அங்கே வைப்பதற்குக் காரணம் உண்டு. அதை மாணவர்களிடம் நாங்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பனி கொட்டுகிற வியாழக்கிழமையில் வருகிறாரா, வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்கிறாரா, கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்கிறாரா என்பதெல்லாம் அங்கே மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு அவரை வார்டுக்கு அனுப்ப எனக்குத் தயக்கம் இருக்காது. ஆகவே ஒப்புக்கொள்ளும்போதே, "மூன்று மாதம் ஒழுங்காக வந்தால் நோயாளிகள் இருக்கும் தளத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா?" என்று ஒருங்கிணைப்பாளரிடம் பணிவாகக் கேட்டு வையுங்கள். அப்படிக் கேட்பவர்களை எங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த மேசையும் வெறும் மேசை அல்ல. ஒரு நாள் ஒருவர் வந்து கார் நிறுத்துமிடம் எந்தப் பக்கம் என்று கேட்டார். அன்று பணியில் இருந்த மாணவி கையைக் காட்டி வழி சொல்ல எழுந்தவர், வந்தவரின் கையில் வெள்ளைப் பிளாஸ்டிக் பை ஒன்றைப் பார்த்தார். நோயாளியின் உடைமைகளைப் போட்டு, கயிற்றை இழுத்துக் கட்டிக் கொடுக்கும் பை. மேலே ஒரு பெண்ணின் செருப்பு தெரிந்தது. கூட யாரும் இல்லை. மாணவி மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மூன்றாம் தளத்தில் அவருடைய கார் வரைக்கும் உடன் நடந்து போய் வந்தார். வழியில் இருவரும் ஒன்றும் பேசவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார். எந்தப் பாடப் புத்தகத்தில் இந்தப் பையைப் பற்றி எழுதியிருக்கிறது?

வார்டுக்குப் போன பிறகு உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம். தாகம் என்று ஒருவர் கேட்டால் உடனே தண்ணீர் கொடுப்பது நம் இரத்தத்தில் ஊறியது. மருத்துவமனையில் அது ஆபத்தாகலாம். அறுவை சிகிச்சைக்காக வாய்வழி எதுவும் தரக்கூடாது என்ற அறிவிப்பு கதவில் இருக்கலாம். பக்கவாதம் வந்தவருக்குச் சாதாரணத் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும் என்பதால் கெட்டியாக்கிய நீரை மட்டும் தரச் சொல்லியிருக்கலாம். மஞ்சள் கைப்பட்டையோ மஞ்சள் காலுறையோ போட்டிருப்பவர் விழுந்துவிடும் அபாயம் உள்ளவர் என்பது பல மருத்துவமனைகளில் வழக்கம். அவர் எழுந்து கழிப்பறைக்குப் போக உங்கள் தோளைக் கேட்டால், தோளைத் தராமல் அழைப்பு மணியை அழுத்த வேண்டும். சக்கர நாற்காலியில் ஏற்றும் முன் இரண்டு பக்கமும் பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லிஃப்டுக்குள் நாற்காலியைப் பின்புறமாக இழுத்துக்கொண்டு நுழைந்தால், வெளியே வரும்போது நோயாளியின் முகம் வாசலைப் பார்த்து இருக்கும். சுவரில் இருக்கும் ஆல்கஹால் நுரையைக் கையில் தேய்த்தால் எல்லாக் கிருமியும் போய்விடும் என்று நினைக்காதீர்கள், 'சி. டிஃப்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வயிற்றுப்போக்குக் கிருமியின் வித்துக்கள் அதற்குச் சாவதில்லை, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். இவையெல்லாம் பயிற்சி நாளில் சொல்லித் தரப்படும். ஆனால் அன்று எட்டு மணி நேரம் சொற்பொழிவு கேட்ட களைப்பில் பாதி பேர் மறந்துவிடுகிறார்கள். ஒரு சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் வரும் ஒரு சிக்கலைத் தனியாகச் சொல்ல வேண்டும். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்த பாட்டி ஒருவர் உடம்புக்கு முடியாமல் சேர்க்கப்பட்டிருப்பார். தமிழ் பேசும் மாணவி தளத்தில் இருக்கிறாள் என்று தெரிந்ததும், அவசரத்தில் இருக்கும் யாராவது ஒருவர், "இவருக்கு என்ன செய்கிறது என்று கேட்டுச் சொல்லேன்" என்பார். பாட்டி, "மயக்கமா வருதும்மா" என்பார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? தலை சுற்றுகிறது என்றா, நினைவு தப்பிப் போனார் என்றா? நம் வாயில் இரண்டுக்கும் அதே சொல்தான். மருத்துவருக்கோ அவை இரண்டும் வெவ்வேறு பரிசோதனைகளுக்கு இட்டுச் செல்லும் வெவ்வேறு செய்திகள். "நெஞ்சு கரிக்குது" என்பதை நெஞ்சில் எரிச்சல் என்று அப்படியே மொழிபெயர்த்தால் இதயத்தைப் பார்ப்பார்கள். நெஞ்சு வலியை வாயுப்பிடிப்பு என்று பாட்டி சொல்லிவிட்டால் இதயத்தைப் பார்க்க வேண்டியவர்கள் வயிற்றைப் பார்ப்பார்கள். இதற்காகத்தான் மருத்துவப் பேச்சுக்குத் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரையே பயன்படுத்த வேண்டும் என்று இங்கே கூட்டாட்சி விதிகள் இருக்கின்றன. தொலைபேசியிலோ திரையிலோ மொழிபெயர்ப்பாளரை அழைக்கும் வசதியும் மருத்துவமனைகளில் இருக்கும். "எனக்கு அதற்கு அனுமதி இல்லை, மொழிபெயர்ப்பாளர் வரும்வரை அவருடன் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லப் பழகுங்கள். அந்த வாக்கியத்தின் பின்பாதியை விட்டுவிடாதீர்கள். போர்வை வேண்டுமா, மகள் எப்போது வருவார், ஊர் எது என்று தமிழில் பேச உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. கோயம்புத்தூர்ப் பக்கமா என்று கேட்டதற்கே அழுத ஒரு பாட்டியை நான் அறிவேன்.

இதோடு சேர்ந்தது இரகசியம். நோயாளியின் தகவல்களைக் காக்கும் ஹிப்பா சட்டம் 1996இல் வந்தது. அது தன்னார்வலர்களையும் கட்டும். பெரும்பாலான மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் படம் போடக்கூடாது என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறார்கள். நம்மவர்களுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நியூஜெர்சியில் நம் ஆட்கள் நெருக்கமாக வாழ்கிறோம். உங்கள் தளத்தில் ஒரு நாள் உங்களுக்குத் தெரிந்த அங்கிளே படுத்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இன்னிக்கு யாரைப் பார்த்தே?" என்று இயல்பாகக் கேட்பார். நீங்கள் சொல்லும் பெயர் அடுத்த வாரம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சுற்றி வரும். அவர் அங்கே இருந்ததைக்கூடச் சொல்லக்கூடாது, தாயிடமும் கூடாது. இந்தக் காரணத்துக்காக நான் ஒரு மாணவரைப் பணியிலிருந்து அனுப்பிவிட நேர்ந்தது. அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை, அந்தக் குடும்பத்துக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பத்தான் சொன்னார். ஆனாலும் அனுப்பிவிட்டேன்.

இப்போது ஈரோடு. உங்கள் மாமா அன்பினால்தான் அழைக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பள்ளிபாளையத்தில் விசைத்தறியில் விரல் மாட்டிக்கொண்டு வரும் ஒரு தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு எதிரே நிற்கும் பெண் மருத்துவர் என்றுதான் அவர் நினைப்பார். டாக்டருடைய மருமகள், உயிரியல் படிக்கிறவள், இன்றுதான் முதல் தையல் என்று தெரிந்தாலும், "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் அவருக்கு வராது. அவர் சம்மதித்தார் என்று நாம் சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பதிவு பெறாதவர் மருத்துவம் செய்வது இந்தியாவிலும் சட்டப்படி குற்றம். உங்கள் மாமாவின் பதிவுக்கும் அது கேடு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி., வெளிநாடுகளுக்குப் போய் இப்படிச் சிகிச்சையில் கை வைக்கும் மாணவர்களுக்காகவே வழிகாட்டுக் குறிப்புகள் வெளியிட்டிருக்கிறது: உரிய பயிற்சியும் அனுமதியும் இல்லாத எதையும் செய்யாதீர்கள், செய்தால் அது உங்கள் விண்ணப்பத்துக்கே எதிராகத் திரும்பலாம் என்பது அதன் பொருள். ஊசி போட்டேன் என்று பெருமையாக எழுதும் வரியை, பொறுப்பில்லாதவர் என்பதற்குச் சாட்சியாக ஒரு சேர்க்கைக் குழு படிக்கும்.

அதற்காகப் பயணத்தைக் கைவிட வேண்டாம். மாமா நோயாளிகளைப் பார்க்கும்போது, அவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், ஓர் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இங்கே 'ஷாடோயிங்' என்று சொல்வது இதைத்தான். தன்னார்வப் பணியோடு இதைக் கலந்து எழுதக்கூடாது, இரண்டும் விண்ணப்பத்தில் தனித்தனி. மதியத்துக்குப் பிறகு பணம் கட்டும் கவுன்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பையைத் துழாவுகிறவர்களையும், ஸ்கேனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டுவிட்டு வெளியே போய் யாருக்கோ போன் செய்கிறவர்களையும் கவனியுங்கள். நியூஜெர்சியில் காப்பீட்டுக் கடிதத்தைப் பிரிக்கப் பயந்து மேசைமேல் வைத்திருக்கும் நோயாளியைப் பார்க்கும்போது அவர்கள் நினைவுக்கு வருவார்கள். தையல் போடக் கற்றுக்கொள்ள மருத்துவக் கல்லூரியில் நிறைய நாட்கள் கிடைக்கும்.

எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தீர்கள். எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. வாரம் நான்கு மணி நேரம், ஆண்டுக்கு முப்பத்தாறு வாரம் என்று வைத்தாலும் 144 மணி நேரம். விண்ணப்பிக்கும் வரை விடாமல் போனால் உங்கள் தோழியின் எண்ணிக்கை தானாக வந்துவிடும். எண்ணைவிட இடைவெளி இல்லாத தொடர்ச்சி முக்கியம். ஒரே கோடையில் வாரம் நாற்பது மணி நேரம் வந்து முந்நூறைத் தொட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நான் சான்றிதழ் கொடுப்பேன்; பரிந்துரைக் கடிதம் எழுத எனக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஏ.எம்.சி.ஏ.எஸ்.-இல் மொத்தம் 15 அனுபவங்களை எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துகள், அவற்றுள் மிக முக்கியம் என்று நீங்கள் குறிக்கும் மூன்றுக்கு மட்டும் கூடுதலாக 1,325. இந்த 1,325ஐ நிரப்ப முந்நூறு மணி நேரம் தேவையில்லை, அந்த வெள்ளைப் பை போன்ற ஒரு மாலை தேவை. ஒவ்வொரு பணி முடிந்ததும் வீட்டில் உட்கார்ந்து நான்கு வரி எழுதி வையுங்கள். பெயர், அறை எண், நோய் எதுவும் அதில் வேண்டாம். ஈராண்டு கழித்து நினைவிலிருந்து எழுத முயல்கிறவர்கள் எல்லாரும், "மக்களுக்கு உதவுவதில் மகிழ்ச்சி அடைந்தேன்" என்று ஒரே வரியைத்தான் எழுதுகிறார்கள்.

காகித வேலையைப் பற்றி உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு, ஏனென்றால் இந்தியாவில் பிறந்த மாணவர்கள் மாதக்கணக்கில் தாமதமாவது இங்கேதான். காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். நமக்குப் பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருப்பதால், கையில் ஊசி போட்டு வீக்கத்தை அளக்கும் தோல் பரிசோதனையில் காசநோய்த் தொற்று இல்லாமலே வீக்கம் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, விளக்கம் என்று இழுக்கும். அதற்குப் பதிலாக இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிப்பதில்லை. சின்னம்மை தடுப்பூசி இந்திய அரசின் வழக்கமான அட்டவணையில் இல்லாததால் உங்கள் பழைய அட்டையில் அது இல்லாமல் இருக்கலாம். குழந்தையில் அம்மை போட்டிருந்தது என்று அம்மா சொல்வது இங்கே போதாது. எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணையாகப் போட்டால் ஆறு மாதம் பிடிக்கும். கல்லூரிச் சுகாதார மையத்தில் இந்த வாரமே நேரம் வாங்குங்கள்.

விசா விஷயத்தில் நான் வழக்கறிஞர் இல்லை. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பொதுவாக, யாருக்கும் சம்பளம் தராத, எப்போதும் தன்னார்வலர்களே செய்யும் பணியை எச்-4 விசாவில் இருப்பவர் செய்வதில் தடை இல்லை. வேலை அனுமதி இல்லாமல் சம்பளம் வாங்கும் 'ஸ்கிரைப்' (மருத்துவர் சொல்வதைப் பதிவு செய்பவர்) வேலையோ செவிலிய உதவியாளர் வேலையோ கூடாது. சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பின்னணிச் சோதனைப் படிவத்தில் கேட்பார்கள். உங்களிடம் இல்லையென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் படிவத்தை அனுப்பாதீர்கள், அது அப்படியே கிடப்பில் விழுந்துவிடும். ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு வரி எழுதினால் வேறு வழி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். இன்னொன்றும் இருக்கிறது, யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று பயப்படுகிறேன்: 21 வயது நிறைந்ததும் எச்-4 தகுதி போய்விடும், அதற்குள் மாணவர்களுக்கான எஃப்-1 போன்ற வேறு விசாவுக்கு மாற வேண்டும். கிரீன் கார்டு இல்லாதவர்களின் விண்ணப்பத்தைப் பல மருத்துவக் கல்லூரிகள் எடுத்துக்கொள்வதே இல்லை. எவை எடுத்துக்கொள்கின்றன என்பதை ஏ.ஏ.எம்.சி.யின் எம்.எஸ்.ஏ.ஆர். பட்டியலில் பார்க்கலாம். அப்பாவுடன் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் தையல் அல்ல, இதுதான்.

காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் மருத்துவமனையை மட்டுமே நம்பியிருக்க வேண்டாம். நியூஜெர்சியில் பல ஊர்களில் சம்பளமில்லாத உறுப்பினர்களைக் கொண்டே ஆம்புலன்ஸ் ஓட்டும் முதலுதவிப் படைகள் உள்ளன. சில மாதப் பயிற்சிக்குப் பிறகு நோயாளியின் இரத்த அழுத்தத்தை முறையாக, சட்டப்படி, நீங்களே பார்க்கலாம். கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்ற உங்கள் தவிப்புக்கு ஈரோட்டைவிட அது நேர்மையான இடம். ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு அமைப்புகளும் தன்னார்வலர்களை எப்போதும் தேடும். முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரின் விதிப்படி, நோயாளிப் பராமரிப்பு நேரத்தில் குறைந்தது 5 சதவீதத்துக்கு நிகரான நேரத்தைத் தன்னார்வலர்கள் தர வேண்டும். இருபது வயதில் அது எல்லாருக்கும் ஒத்துவராது. அண்மையில் வீட்டில் யாரையாவது இழந்திருந்தால் ஓராண்டு கழித்துப் போங்கள்.

தகவல் மேசைக்கான மின்னஞ்சலுக்கு இன்றைக்கே பதில் எழுதுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் பதில் வராத பெயரை நாங்கள் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம். நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மாலை நான்கிலிருந்து எட்டு வரை கேளுங்கள். மாணவர்கள் பலரும் காலை நேரத்தையே கேட்கிறார்கள், மருத்துவர்களைப் பார்க்கலாம் என்பதற்காக. மாலையில் மருத்துவர்கள் போயிருப்பார்கள். ஐந்தரை மணிக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் வரும். மூடியைத் திறக்க முடியாத கைகள் எல்லா அறையிலும் இருக்கும். வார்டுக்கு மாறிய பிறகு, செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.